ஐந்து தோல் தாள்களும் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரும்
ஹட்சன் குடாக் கம்பனியின் பட்டயத்தைப் பொறுப்பேற்கும் நான்கு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மானிட்டோபா ஆவணக்காப்பகம், மானிட்டோபா அருங்காட்சியகம், கனடிய வரலாற்று அருங்காட்சியகம், றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

பெருமதிப்பிற்குரியீர்,

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் 1670 மே 2 அன்று உரோமத்தோல் வணிகத்துக்காக முத்திரையிட்டு வழங்கிய ஹட்சன் குடாக் கம்பனியின் பட்டயம், அந்தக் கம்பனி 2025-இல் கடன் சுமையால் சரிந்து, யூன் 1 அன்று தன் கடைசிக் கடைகளையும் மூடிய பின்னர், நீதிமன்றத்தின் அனுமதியோடு 1.8 கோடி டாலருக்கு இரு செல்வந்தக் குடும்பங்களால் வாங்கப்பட்டு, உங்கள் நான்கு நிறுவனங்களுக்கும் பொதுவான நன்கொடையாக வழங்கப்படும் செய்தியை, ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் ஒரு தமிழ் வாசகராகப் படித்தேன். தனியார் ஒருவரின் பெட்டகத்துக்குள் போய் மறைந்திருக்கக்கூடிய ஓர் ஆவணம் பொதுமக்கள் பார்க்கும் இடத்துக்கு வருவது நல்ல செய்திதான். ஆனால் அந்த ஐந்து தோல் தாள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அவற்றின் அருகே நீங்கள் எழுதப்போகும் சில வரிகளில் எந்த ஊரின் பெயர் இடம்பெறும் என்பதைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தப் பெயர், சஸ்காட்செவன் மாகாணத்திலுள்ள கம்பர்லாந்து ஹவுஸ் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரின் பெயராக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏன் இந்த ஊர், ஏன் ஹட்சன் குடாக் கரையில் கம்பனியின் கோட்டையாக இருந்த யோர்க் ஃபக்ரறியோ வின்னிபெக்கோ அல்ல என்று கேட்பீர்கள். பட்டயம் நிலத்தை எப்படி அளந்து கொடுத்தது என்பதில் அதற்கு விடை இருக்கிறது. மலையையோ எல்லைக்கல்லையோ வைத்து அது அளக்கவில்லை. ஹட்சன் நீரிணைக்கு உட்பட்ட கடல்கள், குடாக்கள், ஆறுகள், ஏரிகள், அவற்றின் கரையிலுள்ள நாடுகள் என்று தண்ணீரை வைத்தே அளந்தது. அந்தக் குடாவில் போய் விழும் ஒவ்வோர் ஓடையின் பிறப்பிடமும் கம்பனிக்கு உரியது என்பதே பிற்காலத்தில் அதற்குக் கொள்ளப்பட்ட பொருள். வேறு எந்தக் கிறித்தவ மன்னரின் கையிலும் இல்லாத நிலம் என்ற நிபந்தனையோடு, இன்றைய கனடாவின் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட பரப்பு, அதைக் கண்ணால் பார்த்திராத ஒருவரால், அதைப் பார்த்திராத பதினெட்டுப் பங்காளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டாரில்லை. தண்ணீரால் அளக்கப்பட்ட அந்தக் கொடை, தண்ணீரால் பிறந்து தண்ணீரால் உயர்ந்து தண்ணீராலேயே நலிந்த ஓர் ஊரில் எப்படி நடைமுறைக்கு வந்தது என்பதைப் பார்க்கக் கம்பர்லாந்து ஹவுஸைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

பட்டயம் கையில் கிடைத்த பிறகும் ஒரு நூற்றாண்டுக் காலம் கம்பனி தன் நிலத்துக்குள் பெரிதாகப் போகவில்லை. ஹென்றி கெல்சி 1690-இலும் அந்தனி ஹென்டே 1754-இலும் உள்நாட்டுக்குச் சென்று திரும்பினார்கள் என்றாலும், அவை தூது போன பயணங்களே. ஹட்சன் குடாவின் கரையில் சில கோட்டைகளைக் கட்டிக்கொண்டு, கோடையில் அந்நாட்டின் முதற்குடிகளான க்ரீ மக்களும் அவர்களுக்கு அப்பால் வாழ்ந்தவர்களும் தோணிகளில் உரோமத்தோல்களைக் கொண்டுவந்து கொடுக்கும்வரை காத்திருப்பதே வணிகமாக இருந்தது. உறைந்த கடலின் ஓரத்தில் கம்பனி எண்பது ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்தது என்று, அதனிடம் முன்பு வேலை பார்த்த ஒருவரே 1752-இல் எள்ளி எழுதினார். நான் அதைத் தூக்கம் என்று சொல்லமாட்டேன். பொருளும் ஆளும் இழக்காமல், மற்றவர்களின் தோள்வலியால் இலாபம் வந்துகொண்டிருந்தால் எந்த வணிகர்தான் எழுந்து நடப்பார்?

தூக்கத்தைக் கலைத்தவர்கள் மொன்றியலில் இருந்து வந்த வணிகர்கள். கம்பனிக்காரர்கள் அவர்களை இளக்காரமாகக் கூவி விற்போர் என்று அழைத்தார்கள். அவர்களோ பெரிய ஏரிகளைத் தாண்டி, சஸ்காட்செவன் ஆற்றுக்குள் புகுந்து, கடற்கரைக் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்த தோணிகளை நடுவழியிலேயே மறித்துத் தோல்களை வாங்கிக்கொண்டார்கள். பீவர் என்னும் அந்த விலங்கை நம்மவர்களில் சிலர் நீர்நாய் என்று எழுதுவதுண்டு. நீர்நாய் வேறு, பீவர் வேறு. பீவரின் உள்மயிரில் இருக்கும் நுண்ணிய கொளுவிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், அதை அடித்துக் கெட்டியாக்கிய துணியில் செய்த தொப்பி மழையில் உருக்குலையாது. ஐரோப்பியக் கனவான்களின் தலையில் அந்தத் தொப்பி இருந்தவரை, ஒரு முழுப் பீவர்த்தோல்தான் இந்த நாட்டின் நாணயம். துப்பாக்கி, கெண்டி, கம்பளி, புகையிலை, மணி என எல்லாவற்றின் விலையும் இத்தனை பீவர் என்றே சொல்லப்பட்டது. க்ரீ மக்கள் ஒரு பருவமோ அதற்கு மேலோ உடலோடு உடுத்திப் பழசாக்கிய தோலாடைக்கு ஒரு காலத்தில் புதுத் தோலைவிட மதிப்பு அதிகம் இருந்தது. ஏனென்றால் உடுத்தியதில் முரட்டு மேல்மயிர் உதிர்ந்து, தொப்பி செய்பவரின் பாதி வேலை முடிந்திருக்கும். உலகச் சந்தையில் தங்கள் பழைய சட்டைக்கு ஏன் இந்த விலை என்று அவர்கள் சிரித்திருக்கக்கூடும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த நிலையில்தான் 1774-இல் சாமுவேல் ஹேர்ண் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அவர் டெனே என்ற முதற்குடியின் தலைவர் மட்டொனபியின் வழிகாட்டலில் வடகடல் வரை நடந்து திரும்பியிருந்தார். பெரும் பயணி என்று பெயர் எடுத்த அவரும், அவரோடு வந்த ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவுக்காரர்களும், யோர்க் ஃபக்ரறியிலிருந்து கிளம்பியபோது க்ரீ மக்களின் தோணிகளில் ஏறிக்கொண்ட பயணிகளே. கம்பனியிடம் பிர்ச் பட்டைத் தோணி இருக்கவில்லை. கடற்கரையில் அதற்கு ஏற்ற மரமும் இல்லை, அதைக் கட்டவும் செலுத்தவும் அறிந்த ஆளும் இல்லை. எந்த இடத்தில் வீடு கட்டுவது என்ற கேள்விக்கும் விடை சொன்னவர்கள் க்ரீ மக்களே. கீழே பாஸ்கியா என்ற இடம் ஒன்று இருந்தது. இன்று அது தெ பா என்ற நகரம். ஹேர்ண் அதைக் கடந்து மேலே வந்து, செப்டெம்பர் மாதம் பைன் தீவு ஏரியின் கரையைத் தெரிந்தெடுத்தார். மேற்கே சஸ்காட்செவன் ஆறு புல்வெளிகளுக்குப் போகிறது. வடக்கே ஸ்டர்ஜன்-வியர் ஆற்றில் ஏறி, தவளைச் சுமைவழியில் தோணியைத் தோளில் தூக்கிக் கடந்தால் சர்ச்சில் ஆறும் அதற்கப்பால் அதபாஸ்கா நாடும். கிழக்கே யோர்க் ஃபக்ரறி. நமது ஊர்களில் முச்சந்தியில் கடை போடுவது போல, மூன்று நீர்வழிகளின் சந்தியில் அவர் மரக்கட்டைகளை அடுக்கி, இடைவெளிகளில் பாசியைத் திணித்து ஒரு குடிசை போட்டார். கம்பனி மேற்கு உள்நாட்டில் கட்டிய முதல் வணிகநிலையம் அது. பட்டயத்தின் முதற்பங்காளியும் கம்பர்லாந்துக் கோமகனுமான இளவரசர் ரூபர்ட்டின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்றைய சஸ்காட்செவன் மாகாணத்தில் அன்று முதல் இன்று வரை ஆட்கள் விட்டுப்போகாத மிகப் பழைய குடியிருப்பு என்று சொல்லப்படுவதும் அதுதான்.

க்ரீ மொழியில் அந்த ஊருக்கு வாஸ்கஹிகனிஹ்க் என்று பெயர். வீடு இருக்கும் இடம், அவ்வளவுதான் பொருள். கோமகனைப் பற்றி அவர்களுக்கு ஏன் கவலை? ஏரியும் ஆறும் மீனும் அங்கே முன்பே இருந்தன. புதிதாக வந்தது ஒரு வீடு. உங்கள் காட்சிப் பலகையில் இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், யார் யாருடைய இடத்துக்கு வந்தார்கள் என்பதை விளக்க வேறு வாசகம் தேவைப்படாது.

அந்த முதற் குளிர்காலத்தில் வந்தவர்கள் உயிர் பிழைத்தது, வலையில் விழுந்த மீனாலும் க்ரீ வேட்டையாளர் கொண்டுவந்து கொடுத்த இறைச்சியாலும்தான். 1775 ஒக்டோபரில், ஹேர்ணுக்கு அடுத்துப் பொறுப்பிலிருந்த மத்தியூ கொக்கிங்கின் வாசலுக்கு மொன்றியல் வணிகர் அலெக்சாந்தர் ஹென்றியின் கூட்டம் வந்து சேர்ந்தது. வேண்டாத விருந்தாளிகளாக இருந்தும் தங்களை மரியாதையாகவே நடத்தினார்கள் என்று ஹென்றி எழுதிவைத்திருக்கிறார். போட்டியாளரைக் கூடக் குளிரில் வெளியே நிறுத்தாத அந்தப் பண்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1793-இல் மொன்றியல் வணிகரின் வடமேற்குக் கம்பனி அதன் அருகிலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்டது. 1821-இல் இரு கம்பனிகளும் ஒன்றாகும் வரை, இந்தச் சின்ன ஊரில் ஒரே தோலுக்கு இரண்டு கடைகள் கைநீட்டின.

இந்தச் சிறு குடிசையிலிருந்து நாட்டின் வரைபடம் எவ்வளவு தூரம் விரிந்தது என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். கால் முறிந்து, பத்தொன்பது வயதில் இங்கே தங்க நேர்ந்த டேவிட் தொம்சன் என்ற எழுத்தர், 1789-90 குளிர்காலத்தில் கம்பனியின் நில அளவையாளர் பிலிப் டேர்னரிடம் வானத்தை வைத்து நிலத்தைக் கணிக்கக் கற்றார். அந்தப் படிப்போடு வலக்கண்ணின் பார்வையையும் இழந்தார். பின்னர் மேற்குக் கனடாவின் பெரும்பகுதியை ஒற்றைக் கண்ணால் அளந்து படமாக்கியவர் அவரே. பீற்றர் ஃபிட்லரும் அதே ஆசிரியரிடம் கற்று, 1790-இல் இங்கிருந்தே அதபாஸ்காவுக்குக் கிளம்பினார். 1819 ஒக்டோபரில் ஜோன் ஃபிராங்ளினின் வடகடல் பயணக்குழு வந்து சேர்ந்து, அதில் சிலர் அடுத்த யூன் வரை இங்கே தங்கினார்கள். பெயர் பெற்றவர்களின் வரிசையை இதற்கு மேல் நீட்ட நான் விரும்பவில்லை. அவர்களைப் பற்றி உங்கள் அலமாரிகளில் ஏற்கனவே போதிய அளவு இருக்கிறது.

போதாமல் இருப்பது மற்றவர்களைப் பற்றியது. வடக்கே போகும் தோணிப் படைகளுக்குக் கட்டுச்சோறு கொடுக்கும் களஞ்சியமாகக் கம்பர்லாந்து ஹவுஸ் வளர்ந்தது. காய வைத்து இடித்த காட்டெருமை இறைச்சியை உருக்கிய கொழுப்போடு பிசைந்து தோற்பையில் அடைத்த பெமிக்கன் என்ற உணவு இல்லாமல், அதபாஸ்கா வரை ஒரு தோணியும் போயிருக்காது. அந்த இறைச்சியை இடித்தவர்கள், பனிச்சப்பாத்தின் சட்டத்துக்கு வலைப்பின்னல் போட்டவர்கள், மொக்கசின் தைத்தவர்கள், தோலைச் சுரண்டிப் பதமாக்கியவர்கள், மீன்வலை போட்டவர்கள் எல்லாரும் பெண்கள். ஓர்க்னியிலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் வந்த ஆண்கள் அந்த நாட்டு வழக்கப்படி அவர்களை மணந்தார்கள். பாதிரியார் வந்து பதிவு செய்வதற்கு வெகு முன்பே குடும்பங்கள் உருவாயின. இன்று அந்த ஊரில் வாழும் மெட்டி மக்களும், பக்கத்திலேயே தன் நிலத்தில் இருக்கும் க்ரீ முதற்குடி மக்களும் அந்தக் குடும்பங்களின் தொடர்ச்சியே. கம்பனியின் ஏடுகளிலோ இந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள், அல்லது வெறுமனே பெண்கள்.

இந்த இடத்தில் என் சொந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். யாழ்ப்பாணத்தை 1658-இல் கைப்பற்றிய ஒல்லாந்தரும் ஒரு வணிகக் கம்பனியாகவே வந்தவர்கள். வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் அவர்கள் எழுதிவைத்த தோம்புகள் என்ற காணிப் பதிவேடுகளில் எங்கள் காணிகளின் பெயர்களும் முன்னோரின் பெயர்களும் ஏறியிருக்கின்றன. நம்மைச் சுரண்டுவதற்காக எழுதப்பட்ட கணக்கேடு, பிற்காலத்தில் நம்முடைய காணியை நிறுவுவதற்கான சான்றாகவும் ஆகிவிடும் விசித்திரம் எங்களுக்குப் புதிதல்ல. ஆகவே கம்பனியின் ஏடுகளைப் பொய் என்று ஒதுக்குமாறு நான் கேட்கவில்லை. அவை யாரைப் பற்றியவையோ அவர்களும் அவற்றைத் தங்கள் கையில் வைத்துப் படிக்க வேண்டும் என்றே கேட்கிறேன். 1974-இல் இலண்டனிலிருந்து வின்னிபெக்குக்கு வந்து, 1994-இல் மானிட்டோபாவுக்கே நன்கொடையாகி, 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த அந்த ஏடுகளின் பெறுமதியை மானிட்டோபா ஆவணக்காப்பகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பட்டயம் ஒரு வாக்குறுதி மட்டுமே. அந்த வாக்குறுதி ஒவ்வொரு நாளும் என்ன செய்தது என்பது அந்த ஏடுகளில்தான் இருக்கிறது.

அவற்றுள் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். மெக்சிக்கோவில் 1779-இல் மூண்ட பெரியம்மை, குதிரைகளோடும் மனிதர்களோடும் புல்வெளி வழியாக வடக்கே ஏறி, 1781-82 குளிர்காலத்தில் கம்பர்லாந்து ஹவுஸை எட்டியது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்தவர் ஓர்க்னித் தீவைச் சேர்ந்த வில்லியம் தொமிசன். நோயோடு வந்து வாசலில் விழுந்தவர்களை உள்ளே எடுத்து, உணவும் கணப்பும் கொடுத்து, பிழைக்காதவர்களை உறைந்த மண்ணைத் தோண்டிப் புதைத்து, அத்தனையையும் தன் ஏட்டில் அவர் நாள்தோறும் எழுதிவைத்தார். கூடாரம் கூடாரமாக மக்கள் மாண்டார்கள். வணிகர்கள் அதுவரை எழுதிவந்த சில குழுக்களின் பெயர்களே அதன்பிறகு அவர்களின் ஏடுகளில் மறைந்துபோயின. அந்த ஆண்டு தோல்வரவு சரிந்தது என்ற கவலையும் அதே பக்கங்களில் இருக்கிறது. இரக்கமும் இலாபக் கணக்கும் ஒரே மனிதரின் கையெழுத்தில் கிடக்கும் அந்த ஏட்டைப் பட்டயத்தின் பக்கத்தில் திறந்து வையுங்கள். மன்னரின் முத்திரையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் அதையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வழக்கமான கண்காட்சிகள் இந்தக் கதையை 1870-இல் முடித்துவிடும். கம்பனி மூன்று இலட்சம் பவுணைப் பெற்றுக்கொண்டு, வளமான வலயத்தில் இருபதில் ஒரு பங்கு நிலத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, பட்டயம் கொடுத்த நிலமான ரூபர்ட்ஸ் லாந்து முழுவதையும் ஒப்படைத்தது, கனடா பிறந்து வளர்ந்தது, திரை விழுந்தது. விற்றவர் யாருடையதை விற்றார் என்ற கேள்வியைக் கம்பர்லாந்து மக்கள் விட்டுவிடவில்லை. 1876-இல் அவர்கள் ஐந்தாம் ஒப்பந்தத்தில் இணைந்தபோது, நிலம் தங்களுடையது என்பதால்தானே அரசு தங்களோடு ஒப்பந்தம் எழுத வந்தது? கம்பனியின் சொத்தாக அது ஏற்கனவே கைமாறியிருந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு என்ன தேவை இருந்தது? உங்கள் வழிகாட்டிகள் இந்தக் கேள்வியைப் பார்வையாளரிடம் கேட்கலாம். விடையை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

அதே காலத்தில் ஆறும் தன் வழியை மாற்றிக்கொண்டது. 1870-களில் சஸ்காட்செவன் ஆறு கரையை உடைத்துக்கொண்டு, பழைய போக்கை விட்டு, கம்பர்லாந்து ஏரியின் பக்கமாகப் புதிய வாய்க்கால்களில் பாய்ந்து, கொண்டுவந்த மண்ணை ஏரியில் கொட்டத் தொடங்கியது. ஆழமாக இருந்த ஏரி மேடானது. 1874-இல் நீரிலிறங்கிய நோர்த்கோட் என்ற நீராவிக்கப்பல் அந்த மண்திட்டுகளுக்கு இடையே தட்டுத்தடுமாறி ஓடியது. 1885-இல் மெட்டி மக்களின் எழுச்சியை அடக்கப் படோஷ் என்ற ஊருக்குப் போர்க்கப்பலாக அனுப்பப்பட்டதும் அதே கப்பல்தான். மறு ஆண்டு அது கம்பர்லாந்து ஹவுஸின் கரையில் ஏற்றி விடப்பட்டது. அதன் கொதிகலன் இன்னும் அங்குள்ள மாகாணப் பூங்காவில் கிடக்கிறது. பழைய வெடிமருந்துக் கிடங்கொன்றும் அங்கே நிற்கிறது. பழைய வணிகநிலையத்தின் எச்சமாக ஒரு பயணி அங்கே காணக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு புகையிரதப் பாதைகள் வந்தன. அவை பிரின்ஸ் அல்பேட்டுக்கும் தெ பாவுக்கும் போயின. நீர்வழிகளின் முச்சந்திக்கு அவற்றால் ஆன பயன் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் வடமேற்குக்குப் போகும் எல்லாரும் கடந்தாக வேண்டியிருந்த ஊர், யாருக்கும் வழியில் இல்லாத ஊராயிற்று. ஆற்றின் மேல் பாலம் வந்தது 1996-இல்தான்.

ஆனாலும் மக்கள் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். வணிகநிலையம் வேண்டாததாகிவிட்ட பின்னரும் ஊர் நின்றதற்குக் காரணம், அது தொடக்கத்திலிருந்தே வணிகநிலையத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதே. அதைச் சூழ்ந்திருப்பது ஏறக்குறைய 10,000 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள சஸ்காட்செவன் ஆற்றின் உள்நாட்டு டெல்டா. கடலைக் காணாமலே ஆறு நூறாகப் பிரிந்து, சதுப்பாகவும் ஏரியாகவும் நாணற்காடாகவும் பரவும் இடம். ஸ்டர்ஜன் மீனும், வாத்தும், மூஸ் மானும், மஸ்க்ராட் என்ற சதுப்பு எலியும் அங்கே இருந்தன. பீவர் தொப்பி நாகரிகம் பட்டுத்தொப்பியால் ஒழிந்த பிறகும், பொறிவைப்பும் மீன்பிடியும் வேட்டையும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊருக்குச் சோறு போட்டன.

அந்த வாழ்வை உலுக்கியது கம்பனி நிலத்தை ஒப்படைத்துத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஓர் அணை. 1963-இல் ஊருக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே எழுந்த நீர்மின் அணைக்கு இன்று ஈ. பி. காம்பெல் அணை என்று பெயர். முன்பிருந்த பெயர் முதற்குடிப் பெண்களை இழிக்கும் சொல் என்பதால் 1988-இல் அது மாற்றப்பட்டது. பெயரை மாற்றுவது எளிது. அதற்கும் மேலே 1967-இல் கார்டினர் அணை வந்தது. டெல்டாவை வளர்த்துவந்த வண்டல், அணைக்குப் பின்னாலுள்ள டோபின் ஏரியில் தங்கிவிடுகிறது. இயற்கையாகக் கோடையில் பெருகிக் குளிரில் அடங்க வேண்டிய ஆறு, நகரங்களின் மின்தேவைக்கு ஏற்பக் குளிரில் ஏறிக் கோடையில் இறங்குகிறது. ஒரே நாளுக்குள்ளும் ஏறி இறங்குகிறது. பனிக்கட்டி போர்த்திய பின் நீர் ஏறினால் மஸ்க்ராட்டின் வளை மூழ்கும். நீர் இறங்கினால் மீன் கரைத்தேக்கத்தில் சிக்கும். பனிமேல் பாதை எங்கே உறுதி, எங்கே பொள்ளல் என்று முதியவர்கள் சொல்லிவந்த அறிவு பொய்த்துவிடும். நீண்ட வழக்காடலுக்குப் பின் 1989-இல் இழப்பீட்டு உடன்பாடு ஒன்று எட்டப்பட்டது. ஆறு பழையபடி ஓடவில்லை. 2020-இல் மாகாண அரசு, கார்டினர் அணைக்குப் பின்னாலுள்ள டீஃபன்பேக்கர் ஏரியிலிருந்து பெரும் பாசனத் திட்டமொன்றை அறிவித்தது. அடுத்த ஆண்டு கம்பர்லாந்து ஹவுஸ் க்ரீ முதற்குடி மக்கள், டெல்டாவின் மீது தங்களுக்குள்ள இறைமையைப் பிரகடனம் செய்தார்கள்.

அருங்காட்சியகத்துக்கும் அணைக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் யாரேனும் கேட்கக்கூடும். பட்டயத்தின் மையமே இந்தத் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான். மேலே இருப்பவர் திருப்பும் மடைக்குக் கீழே இருப்பவர் காத்திருக்க வேண்டுமா என்பது, வயலும் வாய்க்காலும் தெரிந்த எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டாத வழக்கு. 1670-இல் ஒருவர் தீட்டிய எழுத்தின் நிழலில் இன்றும் அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, கதையைத் தொப்பியோடும் தோணியோடும் முடித்துக்கொள்வது கண்காட்சிக்கு வசதியாக இருக்கலாம். வரலாற்றுக்கு நேர்மையாக இராது.

பட்டயத்தில் இன்னொரு வேடிக்கையான விதி உண்டு. மன்னரோ அவருடைய வாரிசுகளோ அந்நாட்டில் கால்வைக்கும் போதெல்லாம், கம்பனி இரண்டு எல்க் மான்களையும் இரண்டு கரும் பீவர்களையும் வாடகையாகக் கொடுக்க வேண்டும். முந்நூற்றைம்பது ஆண்டுகளில் நான்கு முறைதான், 1927, 1939, 1959, 1970 ஆகிய ஆண்டுகளில், அந்த வாடகை கொடுக்கப்பட்டது. கடைசி முறை எலிசபெத் அரசியாருக்கு உயிருள்ள பீவர்களையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உங்கள் காட்சியில் இந்தக் கதைக்கு நிச்சயம் இடமிருக்கும், இருக்கட்டும், பிள்ளைகள் சிரிப்பார்கள். வாடகை யாருக்குச் சேர வேண்டியது என்று அவர்களில் ஒருவராவது கேட்டால் அதற்கும் விடை வைத்திருங்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் வாங்கிய கனத்த மேற்சட்டை அந்தக் கம்பனியின் கடையில் வாங்கியதுதான். 2025-இல் நடந்த கடைசி விற்பனையில், வெறுமையாகிப்போன தட்டுகளுக்கு நடுவே, பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலக் கோடு போட்ட கம்பளிக்காக வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். கம்பளி கிடைக்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், முந்நூற்றைம்பது வருசக் கடையாம் தம்பி, என்று இரங்கிச் சொன்னார். அது முதலில் கடை இல்லை ஐயா என்று தொடங்கியவன், எங்கிருந்து சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன். குடியேறி வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் தொடக்கம் ஒரு பட்டயமாகவும் ஒரு கடையாகவும் மட்டுமே தெரிந்திருப்பது எங்கள் குறை மட்டுமல்ல.

இறுதியாக, நடைமுறைக்கு வருகிறேன். நன்கொடை ஏற்பாட்டோடு முதற்குடி மக்களுடன் கலந்தாலோசிப்பதற்கும் பட்டயத்தைப் பலரும் காணச் செய்வதற்கும் வழி செய்யப்பட்டிருப்பதாக அறிவிக்கப்பட்டுள்ளது. அந்தக் கலந்தாலோசனையில் முதற் சில கூட்டங்களில் ஒன்றை ரொறன்ரோவிலோ ஒட்டாவாவிலோ அன்றி, ஊராரின் அழைப்பைப் பெற்றுக் கம்பர்லாந்து ஹவுஸில் நடத்துங்கள். மூலத் தோல் தாள்களைச் சரளைக்கல் வீதியில் கொண்டுபோவது பாதுகாப்பல்ல என்று உங்கள் பேணுநர்கள் சொன்னால், அது நியாயமே. நல்ல படி ஒன்றைக் கொண்டுபோகலாம். ஏடுகளின் விடயத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. கம்பர்லாந்து ஹவுஸில் எழுதப்பட்ட நாட்குறிப்புகளின் படிகளை, கையெழுத்தை எழுத்துப்பெயர்த்துப் படிக்கக்கூடிய வடிவில், ஊர்ப் பள்ளியிலும் க்ரீ முதற்குடி மக்களின் அலுவலகத்திலும் நிரந்தரமாக இருக்குமாறு கொடுங்கள். அவற்றின் மீது அவர்கள் எழுதப்போகும் குறிப்புகளை, அவர்கள் சம்மதித்தால், உங்கள் பட்டியலில் அவர்கள் பெயரோடு சேருங்கள். ஆற்றைப் பற்றி அவர்கள் சொல்வதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லாமல்.

எல்லா ஏடுகளையும் ஒரே பயணத்தில் ஆயத்தப்படுத்த இயலாது என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் முதலில் 1781-82 குளிர்காலத்து ஏட்டைக் கொண்டுபோங்கள். அதில் புதைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மிகுந்த மதிப்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ் வாசகர்